தேன்சிட்டுக்குப் பின்னால் நாகம்மாவின் மாடி

1. கேட்டில் நிறுத்தினார்கள்

சனிக்கிழமை ஜெனரல் ஷிப்ட் முடிந்து வரும்போது மெயின் கேட்டில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். தினமும் திறப்பதுதான். டிபன் பாக்ஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு "போலாம் சார்" என்பார்கள். அன்றைக்குச் செக்யூரிட்டி ஆபீசர் சின்னசாமியே நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். ராணுவத்திலிருந்து ரிட்டயர் ஆனவர், பர்கூர்ப் பக்கத்துக்காரர். பிளாண்டில் எல்லோரும் அவரை சுபேதார் என்றுதான் சொல்வோம். அவர் எழுந்து வந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். அந்த யாரோ நான்தான் என்று தெரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

"அந்த லென்ச எடுங்க சார். கேமராவையும் வெச்சிட்டுப் போங்க."

"எதுக்கு சார்? கேட்பாஸ் இருக்கே. பிளாண்ட் ஹெட்டே கையெழுத்துப் போட்டிருக்காரு."

அவர் மேஜையிலிருந்து ஒரு மோட்டார் பத்திரிகையை எடுத்து விரித்தார். முழுப் பக்கத்துக்கு எங்கள் கம்பெனியின் புது பைக். இன்னும் பெயர்கூட வைக்காத வண்டி. டேங்க்கிலும் ஹெட்லைட்டிலும் கறுப்பு டேப் சுற்றி, டெஸ்ட் டிராக்கின் வளைவில் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. காம்பவுண்டு சுவருக்கு மேலிருந்து, நல்ல உயரத்திலிருந்து எடுத்த படம். ஒரு மூலையில் மட்டும் பச்சையாக இலை மங்கித் தெரிந்தது.

"இது முருங்க எலதானே?"

"அந்த மாதிரிதான் இருக்கு."

"உங்க வூட்ல முருங்க மரம் இருக்குதா?"

"எங்க தெருவுல எல்லா வீட்லயும் இருக்கு சார்."

"எல்லா வூட்லயும் நானூறு எம்எம் லென்சு இருக்குதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை காலை ஹெச்ஆரில் என்கொயரி என்றும், வீட்டுக் கம்ப்யூட்டரின் சிபியூவைக் கழற்றிக் கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னார். நிரூபணமானால் வேலை போவதோடு நிற்காது, போலீஸ் கேஸும் வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கேமராவையும் லென்சையும் அவர் பீரோவில் வைத்துப் பூட்டும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

2. லென்ஸ் வீட்டுக்கு வந்த கதை

நான் பிளாண்ட் போட்டோகிராபர். அப்படி ஒரு வேலை இருப்பது பலருக்குத் தெரியாது. ரிட்டயர்மென்ட் மாலை, சேப்டி வீக், கேன்டீன் திறப்பு விழா, உடைந்த ஆக்சிலின் குளோசப், எல்லாம் நான்தான். சாத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் வேலை பழகி, கல்யாணத்துக்குப் பிறகு ஓசூருக்கு வந்தவன். ஷட்டரை அழுத்துவதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது.

டிஜிட்டல் கேமரா பரவிக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனி எட்டு மெகாபிக்சல் பாடி ஒன்றும், நானூறு எம்எம் டெலி லென்ஸ் ஒன்றும் வாங்கியது. இன்றைக்கு எட்டு மெகாபிக்சலைச் சொன்னால் செல்போன் கடைப் பையன் சிரிப்பான். அன்று அதுதான் ஹை ரெசல்யூஷன். டெஸ்ட் டிராக்கில் வண்டி மேடேறிக் குதிப்பதைத் தூரத்திலிருந்து எடுக்கத்தான் அந்த லென்ஸ் வந்தது. எங்கள் பிளாண்ட் ஹெட்டுக்குப் பறவைப் பித்து. "மலையும் அருவியும் போட்ட காலண்டர் போதும் சேகர். இந்த வருஷம் நம்ம ஏரியா கொல்லைப்புறத்துக் குருவிகளைப் போடுவோம்" என்று சொல்லி, வார இறுதியில் லென்சை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்பாஸ் போட்டுக் கொடுத்தார்.

நான் குடியிருந்தது டெஸ்ட் டிராக்கை ஒட்டிய தெருவில். என் கொல்லையில் துவைக்கிற கல், பப்பாளி, முருங்கை. பாத்ரூம் கதவின் குறுக்கே பழைய போர்வையைக் கட்டி, அதில் ஓட்டை போட்டு லென்சை நீட்டி வைத்துக்கொண்டு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருப்பேன். குளிக்க முடியவில்லை என்று என் மனைவி சாந்தி திட்டுவாள். செம்போத்து, மைனா, கொண்டைக்குருவி, தையல்சிட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கடைசியில் ஒரு பெண் தேன்சிட்டு முருங்கைக் கிளை நுனியில் பை மாதிரி கூடு கட்ட ஆரம்பித்தது.

அந்தக் கூட்டுக்கு நேர் பின்னால் பக்கத்து வீட்டு மொட்டை மாடி. எங்கள் கொல்லை மேட்டில் இருப்பதால் அந்த மாடித் தளம் இங்கிருந்தே தெரியும். கைப்பிடிச் சுவருக்குப் பச்சை பெயின்ட். அது நாகம்மாவின் வீடு. இரண்டு மாடு வைத்துத் தெருவுக்கே பால் ஊற்றுபவர். வீட்டில் தெலுங்கு, மாட்டு டாக்டரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் குரல் ஒரே உயரம்தான். வீட்டுக்காரர் இறந்த பிறகு மகள் மஞ்சுளாவை டிப்ளமா படிக்க வைத்தார். அவள் எங்கள் பிளாண்டிலேயே அசெம்ப்ளி லைனில் டிரெய்னி. அந்த மாதம் அவளுடைய பேட்சுக்கு கன்பர்மேஷன் ஆர்டர் வர வேண்டியிருந்தது. ஆர்டர் வந்தால் சம்பளம், பிஎஃப், கல்யாணப் பேச்சு, எல்லாம் ஒரே நாளில் மாறும். வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் லென்சைப் பார்க்கவென்று பெங்களூரிலிருந்து பறவை எடுக்கும் ஆட்கள் சில ஞாயிறுகளில் வருவார்கள். அவர்களுக்கும் நாகம்மா டீ கொடுப்பார். கழுத்தில் கேமரா மாட்டியவன் எவனாக இருந்தாலும் அவருக்கு என் ஆள்தான்.

3. வேஸ்ட் பிரேம்

ஞாயிறு காலை கம்ப்யூட்டரைப் போட்டு ஒவ்வொரு போல்டராகத் திறந்தேன். சுபேதார் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும் என்ற பயம். என் படத்தின் ஓரத்தில் எங்காவது டிராக் தெரிந்திருந்தால் அதுவே போதும், என் கதை முடிந்தது.

இங்கே கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். டெலி லென்சில் ஆட்டோபோகஸ் போட்டுத் தொடர்ச்சியாக எடுக்கும்போது பறவை சட்டென்று விலகினால், போகஸ் அதை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். பறவை ஒரு கறையாகத் தெரியும், பின்னால் இருக்கும் சுவர் கண்ணாடி மாதிரி துல்லியமாக இருக்கும். அதைத்தான் வேஸ்ட் பிரேம் என்போம். பலர் கேமராவிலேயே அழித்துவிடுவார்கள். நான் மொத்தமாகக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, கார்டை பார்மேட் செய்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது கழிப்பவன். அந்த மாதம் நேரம் கிடைக்கவில்லை.

தேன்சிட்டு வாயில் பஞ்சோடு கூட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் வந்தன. ஒன்று மிக நன்றாக இருந்தது, கண்ணில் போகஸ், பின்னால் வெறும் பச்சை. அடுத்தது வேஸ்ட். பறவை போய்விட்டது, நாகம்மாவின் மாடி துல்லியமாக இருந்தது. கேழ்வரகு காயப் போட்டிருந்தார். அதற்கு அந்தப் பக்கம் ஏதோ வெள்ளையாக இருந்தது. நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன்.

வெள்ளை நிற டெலி லென்ஸ். அதன் பின்னால் தொப்பி போட்ட ஒருவன் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் குந்தியிருந்தான். லென்ஸ் டெஸ்ட் டிராக்கைப் பார்த்து நீண்டிருந்தது. புது வண்டியை ஆள் குறைவாக இருக்கும் ஞாயிறுகளில்தான் ஓட்டுவார்கள். அவன் பக்கத்தில், சுவர் மேல், ஒரு எவர்சில்வர் டம்ளர்.

சாந்தியைக் கூப்பிட்டேன். ஸ்கிரீனைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. "அப்பாடா. இது போதும்ல? உங்க மேல தப்பில்லைன்னு ஆயிரும்ல?"

"ஆயிரும். இது யார் மாடின்னு கேப்பாங்க."

அவள் டம்ளரைப் பார்த்தாள். அந்த டம்ளரில் நாங்களும் எத்தனையோ முறை குடித்திருக்கிறோம். அவன் சுவரேறிக் குதித்து வந்தவன் இல்லை, நாகம்மா உபசரித்து உட்கார வைத்தவன் என்று அது சொன்னது. அந்த வீட்டுப் பெண் எங்கள் பிளாண்டில் டிரெய்னி என்று கண்டுபிடிக்க சுபேதாருக்கு அரை மணி நேரம் ஆகாது. கம்பெனி ரகசியத்தை விற்ற வீடு என்று பேர் வைத்துவிட்டால் மஞ்சுளாவுக்கு ஓசூரில் எந்தக் கேட்டும் திறக்காது.

டெலீட் கீ விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அழுத்தினால் மஞ்சுளா தப்பிப்பாள், நான் மாட்டுவேன். சாந்தி என் மனசைப் படித்தவள் மாதிரி, "நமக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தத் தொப்பிக்காரன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பறவை எடுக்கிறவர்களின் பெயரில் திருடியிருக்கிறான்.

நாகம்மா தொழுவத்தில் இருந்தார். அந்த ஞாயிறு மாடிக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"ஆமா, வந்தானே ஒரு ஆளு. போட்டோ சாரு பிரெண்டுன்னான். நீங்க உள்ள குருவிய எடுத்துகிட்டு இருக்கீங்க, தொந்தரவு பண்ண வேணாம், மேல இருந்து எடுத்துக்கறன்னான். நல்ல வெயிலு. பாவம்னு டீ குடுத்தன். ஏன், உங்க ஆளு இல்லியா?"

"இல்லக்கா. அவன் குருவி எடுக்கல. உள்ள ஓடுன வண்டிய எடுத்திருக்கான்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். என்கொயரியை, சிபியூவை, படத்தை, டம்ளரை. மஞ்சுளா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடுக்க வந்த காபி அவள் கையிலேயே இருந்தது.

"சார், ஆர்டர் இந்த வாரம் வந்துரும்னு லைன்ல பேசிக்கறாங்க" என்றாள். "அது வந்தப்புறம் படத்தக் குடுக்க முடியாதா?"

"என்கொயரி நாளைக்கும்மா."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாகம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படத்தை அழிக்காமலும், கொடுப்பதா என்று முடிவு செய்யாமலும் அன்றைய பொழுது போனது.

4. திங்கட்கிழமை

காலையில் சிபியூவைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது கொல்லையில் கீச்கீச் என்று ஒரே சத்தம். தேன்சிட்டுக் குஞ்சு ஒன்று கூட்டு வாசலில் தலையை நீட்டி, தடுமாறி, பப்பாளி இலையில் போய் விழுந்து ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே இன்னொன்று. கூடு கட்டியதிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன். கேமரா சுபேதாரின் பீரோவில். வெறும் கையோடு பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ஹெச்ஆர் மேனேஜர் ரகுநாதன் சென்னைக்காரர். மென்மையாகப் பேசுவார், அதனாலேயே பயமாக இருக்கும். பக்கத்தில் சுபேதார். சிபியூவை மாட்ட ஐடியிலிருந்து ஒருவர் மேஜைக்கு அடியில் குனிந்திருந்தார்.

"மிஸ்டர் சேகர், நீங்களே சொல்லிட்டா நல்லது. இந்தக் கம்பெனியில உங்க சர்வீஸை மனசுல வச்சுத்தான் கேக்கறேன். எவ்வளவு குடுத்தாங்க?"

"யாரும் ஒண்ணும் குடுக்கல சார். இத நான் எடுக்கல."

"அப்போ யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ராத்திரி முழுக்கப் பதில் தேடியது. தெரியாது என்று சொன்னால் சிபியூ சொல்லிவிடும். தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி மாடி. சுபேதார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மானிட்டரில் வெளிச்சம் வந்தது. ஐடிக்காரர், "எந்த போல்டர் சார்?" என்று கேட்டார்.

அப்போது கேட்டிலிருந்து போன் வந்தது. சுபேதார் எடுத்தார். "பாஸ் இல்லாம எப்டி வுடறது? ... என்னது? ... கத்தறாங்களா?" ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம், "பால்கார அம்மா யாராச்சும் உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

நாகம்மா உள்ளே வந்தபோது கையில் பால் கேன் இருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கேனை மேஜை மேல் வைத்தார், அந்தப் பத்திரிகைக்குப் பக்கத்திலேயே.

"அந்த ஆள மாடிக்கு ஏத்துனது நானு. போட்டோ சாருக்கு ஒண்ணும் தெரியாது. அவரு பேர சொல்லி ஏமாத்திப்புட்டான். டீயும் நாந்தான் குடுத்தன். காசு கீசு ஒண்ணும் வாங்கல. கேக்கறதுன்னா என்னைய கேளுங்க."

ரகுநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். "அம்மா, உங்க மாடியிலேர்ந்து கம்பெனிக்குள்ள பாக்கறதே தப்பு. படம் எடுக்க ஆளை விட்டது ரொம்பப் பெரிய தப்பு. புரியுதா உங்களுக்கு?"

நாகம்மாவின் குரல் ஏறவில்லை. அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"சாமி, எங்க மாமனாரு காலத்துல இருந்து அந்த மாடி அங்கதான் இருக்குது. உங்க செவுருதான் அப்புறம் வந்துது. நீங்க வண்டி ஓட்டறீங்களே, அந்த வளைவு, அது நாங்க கேவுரு வெதச்ச காடு. கவர்மென்டு கேட்டுது, குடுத்துட்டம். என் மாடியில நின்னா என் காடு தெரியும். அதுல நீங்க வண்டி வுட்டா நான் கண்ண மூடிக்கணுமா?"

மானிட்டருக்கு முன்னால் இருந்த ஐடிக்காரர் வெளியே போகலாமா என்று தெரியாமல் அப்படியே இருந்தார்.

"இன்னொண்ணு. என் பொண்ணு உங்க லைன்லதான் இருக்குது. அதுக்கும் இதுக்கும் முடிச்சு போடாதீங்க. அது அன்னிக்கு வூட்லயே இல்ல, ஓவர்டைம் பாக்க உங்க கிட்டதான் வந்துருந்துது."

நான் மறைக்க நினைத்ததை எல்லாம் அவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. போல்டரின் பெயரைச் சொல்லி, அந்த வேஸ்ட் பிரேமைத் திறக்கச் சொன்னேன். தொப்பிக்காரனைக் காட்டினேன். சுபேதார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்தார். டம்ளரையும் பார்த்திருப்பார். வெளியே வந்ததும் பீரோவைத் திறந்து கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, நாகம்மாவின் பால் கேனைத் தானே கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார். பத்திரிகைக்கு வக்கீல் நோட்டீஸ் போயிற்று. தொப்பிக்காரன் யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

5. காலண்டர்

அந்த வாரம் டிரெய்னி பேட்சுக்கு ஆர்டர் வந்தது. மஞ்சுளாவின் பெயர் இல்லை. நேராக ரகுநாதனின் ரூமுக்குப் போய் ஏன் என்று கேட்டேன். "இது வேற, அது வேற. டிரெய்னிங்க எக்ஸ்டெண்ட் பண்றது ரொட்டீன்தான் சேகர்" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. பிளாண்ட் ஹெட்டிடம் போனேன். அவர் பார்க்கிறேன் என்றார். மழைக்காலம் முடிந்த பிறகுதான் அவளுக்கு ஆர்டர் வந்தது. அதுவரைக்கும் நாகம்மா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாலை மட்டும் எப்போதும்போல் தண்ணீர் கலக்காமல் ஊற்றினார்.

அதற்குள் கம்பெனி டிராக் சுவருக்கு மேலே உயரமாகத் தகரம் அடித்துவிட்டது. ஒரு நாள் மாடியில் கேழ்வரகைத் துழாவிக்கொண்டிருந்தவர், "மத்தியானமே நெழலு வந்துருது தம்பி. ஒண்ணும் காயல" என்றார். தகரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

டிசம்பரில் காலண்டர் வந்தது. ஜூன் மாதத்துக்கு அந்தத் தேன்சிட்டு. வாயில் பஞ்சு, கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம், பின்னால் வெறும் பச்சை. பெங்களூர்ப் பறவைக்காரர்கள் போன் செய்து பாராட்டினார்கள். "பேக்ரவுண்டு எவ்ளோ கிளீன் சார்!" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முதல் காப்பியை நாகம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜூன் பக்கத்தைப் புரட்டி, கையைத் தூர நீட்டி வைத்துப் பார்த்தார்.

"குருவி நல்லாருக்குது. எங்க வூட்டுக்கு எதுக்கத்தானே எடுத்தீங்க? என் மாடி எங்க?"

"இதான்க்கா. இந்தப் பச்சை."

"இதுவா? பாசி புடிச்ச மாதிரி இருக்குது."

டெலி லென்சில் எடுக்கிற எங்களுக்கு அதுதான் திறமை. பறவை மட்டும் இருக்க வேண்டும், பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் கரைத்துவிட வேண்டும். அந்தக் கரைசலுக்குள் ஒரு வீடு இருந்ததும், கேழ்வரகு காய்ந்ததும், வந்தவனுக்கு ஒருத்தி டீ கொடுத்ததும் நான் எடுத்த நல்ல படங்கள் ஒன்றிலும் இல்லை. கழித்துப் போட வேண்டிய ஒரே ஒரு பிரேமில்தான் இருந்தது. என்னைக் காப்பாற்றியதும் அதுதான்.

அந்த வேஸ்ட் பிரேமைத் திறந்து, தொப்பிக்காரனை வெட்டிவிட்டு, பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பச்சைச் சுவர், கேழ்வரகு, டம்ளர், ஓரத்தில் கறையாகப் பறவை. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தூக்கிப் போடுவார்கள். நாகம்மா அதை வாங்கி நடு வீட்டில் மாட்டினார். காலண்டர் அடுத்த வருஷம் இறங்கிவிட்டது, அது இறங்கவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கண்ணில் போகஸ் வை என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். அது சரிதான், நானும் அதையே சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு தடவை வ்யூபைண்டரிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, பறவைக்குப் பின்னால் இருப்பது யாருடைய வீடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர்களிடம் போய் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.